ஃபிர்தௌஸ் பார்த்துச் சொன்ன சிவப்புக் கார்

ஃபிர்தௌஸைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவளை நட்ட நடுத்தெருவில் நிற்கவைத்துக் கிழி கிழியென்று கிழித்தவள் நான்தான். அந்த ஒரு தகுதி போதும். என் பெயர் ரெஜினா. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் டைப் அடித்தவள். கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொல்லிவிட்டு ஒரு அடி தள்ளியும் நிற்பார்கள்.

ஃபிர்தௌஸுக்கு வயது முப்பத்தெட்டு. தண்டையார்பேட்டைக்காரி. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் பார்த்துச் சரி என்றால் வாங்குவார்கள், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் அவள் தொழில். கடை கிடையாது, போர்டு கிடையாது. ஒரு காக்கித் துணிப் பை. அதற்குள் டார்ச், நசுங்கலை மறைக்கப் பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம், இன்ஜின் அழுத்தம் பார்க்கிற ஒரு கேஜ், ஒரு பழைய வெள்ளைத் துண்டு. அவள் அம்மாவும் பன்னிரண்டாவது படிக்கிற மகளும் சாப்பிடுவது அந்தப் பையால்தான்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்த காலத்தில் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண்ணாம். படித்து முடித்து ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குப் போனாள். வண்டிக்கு அடியில் படுக்கப் போனவளைக் கவுன்ட்டரில் உட்காரவைத்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்து பில் எழுதச் சொன்னார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள், மாற்றாத பிரேக்கை மாற்றியதாக எழுதச் சொன்னார்கள். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். “எய்துனா என் கையெய்த்து ஆச்சே அக்கா, அதான்” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் அந்தக் கதையை அவள் நீட்டுவதில்லை.

வண்டி பார்க்கும்போது வாயே திறக்கமாட்டாள். விற்கிறவன் என்ன பீலா விட்டாலும் காதில் வாங்கமாட்டாள். பார்த்து முடித்ததும், வண்டி சரியில்லை என்றால் பானெட்டை மூடிவிட்டு “வர்றேண்ணே” என்பாள். சரியென்றால், வாங்குகிறவரைப் பார்த்து “எலுமிச்சம்பயம் வாங்கிக்கோங்க” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக எண்ணூர் முதல் வண்ணாரப்பேட்டை வரை ஆட்கள் காத்திருப்பார்கள். வடசென்னையில் புது வண்டியோ பழைய வண்டியோ, வீட்டுக்கு வந்தால் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ஏற்றி நசுக்கினால்தான் மனசு ஆறும். நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று எலுமிச்சம்பழம் யாரையும் கேட்பதில்லை. நாங்கள் ஃபாதரை அழைத்துத் தீர்த்தமும் தெளிப்போம், எலுமிச்சம்பழமும் வைப்போம்.

இப்போது என் வீட்டுக்காரர் ஜார்ஜுக்கு வருகிறேன். அவர் எண்ணூர் துறைமுகத்தில் கார்களைக் கப்பலில் ஏற்றுகிற டிரைவராக இருந்தவர். வெளிநாடு போகிற புத்தம்புது கார்கள் யார்டில் வரிசையாக நிற்கும். ஏறி உட்கார்வார், சாவியைத் திருப்புவார், சரிவில் ஏற்றி கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோய், அடுத்த காருக்கு ஒரு சாண் விட்டு நிறுத்துவார், அணைப்பார், இறங்குவார். திரும்பவும் அடுத்த கார். ஒரு நாளைக்கு ஐம்பது கூட ஓட்டுவார். எல்லாம் சீட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத கார். பதினோரு வருஷம் இப்படி ஊரார் காரையெல்லாம் ஓட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வருவார். ஓய்வு பெற்றதும், தனக்கென்று ஒரு கார் வேண்டும் என்று அவர் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை. ஒரு சின்னக் காராக, வெள்ளையாக, பிள்ளைகள் வந்தால் கோயிலுக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

மனுஷன் என்னை எர்ணாவூரில் ஒரு யார்டுக்குக் கூட்டிப் போய்த் தார்ப்பாயை விலக்கிக் காட்டியதோ, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் செய்தது. வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த ஒருவர் கொண்டுவந்து, ஓட்ட முடியாமல் விற்கிறாராம். முன்கதவு ஒரு பக்கம் திறக்கிறது, பின்கதவு எதிர்ப்பக்கம் திறக்கிறது.

“இன்னாய்யா இது, கதவு ராங்கா தொறக்குது?” என்றேன்.

“கதவ வுடு ரெஜி. உள்ள ரோட்டரி இன்ஜினு. நம்ம ஊர்ல மொத்தமா எத்தினி கீதுன்னு கையில எண்ணிடலாம்.” அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் முதல் பிள்ளை பிறந்தபோதுதான் அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தது. தலையில் அடித்துக்கொண்டு, “ஃபிர்தௌஸ் சரின்னு சொன்னா வாங்கு, இல்லாங்காட்டி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது” என்று கண்டிஷன் போட்டேன். அவள் எப்படியும் வேண்டாம் என்பாள் என்ற தைரியம்தான்.

அவள் உடனே வரவில்லை. “அஞ்சு நாளு குடுங்கண்ணே. எனக்கே தெரியாத இன்ஜின நான் எப்டி பாத்துச் சொல்றது? படிச்சிட்டு வர்றேன்” என்றாள். ஐந்து நாளும் படித்தாள். வெளிநாட்டில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எழுதியது, வீடியோ, வரைபடம் எல்லாம். ஆறாம் நாள் சனிக்கிழமை பையோடு வந்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கும் விஷயம் புரிந்தது. சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் பிஸ்டனே இல்லை. “டப்பாவுக்குள்ள சமோசா சுத்துதுன்னு வெச்சிக்கோங்க அக்கா. அந்தச் சமோசாவோட மூணு மொனையும் டப்பா செவுத்த ஒரசிக்கினே போவணும். மொனைல மெல்லிசா ஒரு சீலு கீது. அது தேஞ்சா அழுத்தம் பூடும், இன்ஜினு காலி. அதான் இதுல பாக்க வேண்டிய மொத விஷயம்” என்றாள். அந்த மாதிரி சமோசா உள்ளே இரண்டு. அவள் கையிலிருந்த கேஜ் சாதா இன்ஜினுக்கானது. அதன் உள்ளே இருந்த குட்டி வால்வைக் கழற்றிவிட்டுப் பொருத்தினாள். இன்ஜினைச் சுழற்றியபோது முள் சச், சச், சச் என்று மூன்று மூன்றாகத் துள்ளியது. மூன்று துள்ளலும் ஒரே உயரம் என்றால் மூன்று முனையும் நல்லபடி இருக்கிறது. அடுத்த ரோட்டரிலும் அதேபோல. பிறகு அரைமணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடேற்றி, அணைத்து, உடனே சாவியைத் திருப்பினாள். தேய்ந்த இன்ஜின் சூட்டில் திரும்ப எழாதாம். இது ஒரே திருப்பில் எழுந்தது.

அவள் வாய் திறந்தாள். “அண்ணே, இது ஆயிலு குடிக்கும். கெட்டுப்போயி குடிக்கல, அதும் பொறப்பே அப்டி. சீலு தேயாம இருக்க அதுவே கொஞ்சம் கொஞ்சமா ஆயில எரிச்சிக்கினே இருக்கும். பெட்ரோல் போடுறப்பல்லாம் ஆயிலு அளக்குற குச்சிய இஸ்துப் பாத்து ஊத்திடுங்க. தெனம் ஒருவாட்டி, சூடேறின பிற்பாடு, முள்ளு செவப்புக் கோட்டைத் தொடுற வரிக்கும் மிதிங்க. பயந்துகினு ஓட்டினா உள்ள கரி அடைஞ்சிக்கும். மைலேஜ் மட்டும் என்னைக் கேக்காதீங்க.”

“மிதிக்கச் சொல்றா ரெஜி!” என்று ஜார்ஜ் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

விற்கிறவர் பேப்பரை எடுத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். ஃபிர்தௌஸ் கையைத் துடைத்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னாள். “எலுமிச்சம்பயம் வாங்கிக்கோங்கண்ணே.” என் வெள்ளைச் சின்னக் கார் அங்கேயே போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலமே ஜார்ஜ் சிவப்புக் காரை எங்கள் வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஃபாதர் வந்தார். அடுத்த பூசைக்கு அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான்தான் நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தேன். தீர்த்தம் தெளித்தார், ஜெபம் சொன்னார். ஜார்ஜ் வண்டியை எடுத்தார், பழத்தின்மேல் ஏற்றினார். தெரு குறுகல், எதிரே பால் வண்டி, இரண்டடிக்கு மேல் நகர இடமில்லை. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஃபோட்டோ எடுக்கவேண்டும் என்று நான்தான் “ஆஃப் பண்ணுய்யா” என்று கத்தினேன். அணைத்தார். எல்லோரும் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். தெருவே வந்து பிரியாணி சாப்பிட்டுப் போனது.

சாப்பிட்டுவிட்டு ஒரு ரவுண்டு போகலாம் என்று ஏறினோம். சாவியைத் திருப்பினார். கர்ர்ர் என்று சுற்றியது, எழவில்லை. திரும்ப. திரும்ப. பேட்டரி செத்துப் போகும்வரை திருப்பினார். முனையில் ஷெட் வைத்திருக்கும் கருணாகரன் வந்தார். நல்ல மெக்கானிக், லாரி இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். பிளக்கைக் கழற்றி, வேறொரு பேட்டரி போட்டு, தன் கேஜை வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

“அழுத்தமே இல்ல ஜார்ஜு. இன்ஜினு பூட்ச்சி. இத்தப் போயா வாங்கின? எவன்னா பாத்துச் சொன்னானா?”

“ஃபிர்தௌஸ் பாத்துச் சொன்னா.”

“அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும் இந்த இன்ஜினப் பத்தி? பொதங்கெயம மூணு மணிக்கு இன்ஜினத் தூக்குற செயின் கப்பி வருது. இத்த எறக்கிடலாம். வேற எதுனா ஒரு பெட்ரோல் இன்ஜினு காயலாங்கடையில பாத்து வெச்சிடறேன். ஓடுனா போதும்ல?”

ஜார்ஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. காருக்காக இல்லை, அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த கோலத்துக்காக.

திங்கட்கிழமை காலை டீக்கடை வாசலில் ஃபிர்தௌஸைப் பிடித்தேன். பத்துப் பதினைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

“உன் பேச்சக் கேட்டுத்தானே வாங்கினோம்? அஞ்சு நாளு படிச்சியாமே, இன்னாத்தடி படிச்ச? கேஜ வெச்சிக்கினு ஊரை ஏமாத்திக்கினு கீற! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு ஓடல அந்த வண்டி! பொதங்கெயம மூணு மணிக்கு கருணாகரன் இன்ஜின எறக்கப் போறாரு!”

இன்னும் பேசினேன். அதையெல்லாம் எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். முகம் சுண்டிப் போனது, ஆனால் கண் தாழவில்லை. அடுத்த நாள் வண்டி பார்க்க அவளிடம் சொல்லிவைத்திருந்த இரண்டு பேர் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மெல்ல, “நாங்க அப்பறமா சொல்றோம்மா” என்று ஜகா வாங்கினார். இன்னொருவர் அதுகூடச் சொல்லாமல் நடந்தார்.

ஃபிர்தௌஸ் தோளிலிருந்த பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“இத்த உங்க வூட்ல வெச்சிக்கோங்க அக்கா. சனிக்கெயம அந்த இன்ஜினு நல்லா இருந்துச்சி, அது என் கண்ணால பாத்தது. பொதங்கெயம மூணு மணி வரிக்கும் யாரையும் தொட வுடாதீங்க. அதுக்குள்ள நான் கெளப்பலன்னா இந்தப் பை எனக்கு வேணாம். இனிமே எவன் வண்டியும் பாக்க மாட்டேன்.”

“சரி” என்றேன். அவ்வளவு கோபத்திலும் பையை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். என்ன மனுஷி நான் என்று இப்போது தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள். முதலில் வண்டியைத் தொடவில்லை. டாக்டர் கேட்பது போல ஜார்ஜை உட்காரவைத்துக் கேட்டாள். யார்டிலிருந்து எந்த வழியாக வந்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள், என்ன சத்தம், என்ன வாடை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வந்து நிறுத்தியதும் அணைத்ததும் நல்ல சூட்டில்தான்.

“அப்பால?”

“அப்பால இன்னா, ஞாயித்துக்கெயம மத்தியானம் எடுத்தேன், எழல.”

“நடுவுல தொடவே இல்ல?”

“இல்லியே” என்றார் ஜார்ஜ். நானும் இல்லை என்றுதான் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை. இரண்டடி நகர்த்தியதை வண்டி எடுத்ததாக நாங்கள் யாருமே கணக்கில் வைக்கவில்லை.

அவள் எழுந்து போய் வண்டியைச் சுற்றி வந்தாள். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சிமென்ட் தரையில் நசுங்கிக் காய்ந்துபோன எலுமிச்சம்பழத் தோல் ஒட்டிக் கிடந்தது. பழத்துக்கும் சக்கரம் நிற்கிற இடத்துக்கும் நடுவே கையால் சாண் போட்டாள். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் கூட.

“இது எப்ப?”

“ஞாயித்துக்கெயம காலைல. ஃபாதர் வந்தாரு இல்ல” என்றேன்.

“அன்னிக்கு அதான் மொதவாட்டி ஸ்டார்ட் பண்ணதா? ராத்திரி முச்சூடும் நின்ன வண்டி?”

“ஆமா.”

“எவ்ளோ நேரம் ஓடிச்சி?”

“ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஃபோட்டோ எடுக்கணும்னு நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே விளக்கினாள். இந்த இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது எழுப்பினால் பெட்ரோலை வாரிக் குடிக்குமாம். சூடேறும்வரை ஓடவிட்டால் அதை எரித்துவிடும். அதற்குள் அணைத்தால் அவ்வளவு பெட்ரோலும் உள்ளேயே தேங்கி, சீலின்மேல் இருக்கிற எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் இல்லாவிட்டால் முனை சுவரோடு ஒட்டாது, அழுத்தம் நிற்காது, கேஜில் முள் அசையாது. மேலும் மேலும் சாவியைத் திருப்பினால் மேலும் மேலும் பெட்ரோல். இன்ஜின் சாகவில்லை, மூழ்கிக் கிடக்கிறது.

பழம் வைத்தது நான், அணைக்கச் சொன்னது நான். அவள் நினைத்தால் அந்த நிமிஷமே தெருவைக் கூட்டி என்னை நான்கு கேள்வி கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

அவள் ஜார்ஜைப் பார்த்தாள். “எலுமிச்சம்பயம் வெக்கச் சொன்னது யாருண்ணே?”

ஜார்ஜ் தயங்கினார். “நீதாம்மா சொன்ன.”

“நான்தான் சொன்னேன்” என்றாள். “குளுந்த இன்ஜின எடுத்த ஒடனே அணைக்கக் கூடாதுன்னு அந்த அஞ்சு நாள்ல நாலு எடத்துல படிச்சேன். படிச்சிட்டு வந்து, ஆயிலு சொன்னேன், மிதின்னு சொன்னேன், இத்த சொல்லல. சொல்லாததும் இல்லாம, வாய்ப்பழக்கத்துல எலுமிச்சம்பயம் வாங்கிக்கோன்னேன். பதினாலு வருசமா எல்லாருக்கும் சொல்ற மாரி. உங்க தப்பு இல்ல அக்கா. என்னுது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்க நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றி சார்ஜுக்கு அனுப்பினாள், நாலு புது பிளக்குக்கு ஆள் அனுப்பினாள், நாலு பிளக் ஓட்டையையும் திறந்து வெயிலுக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆரம்பித்தாள். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினாள், இனி உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல்கூட வராது. பிளக் இல்லாமல் இன்ஜினைச் சுழற்றினாள். ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீச்சி அடித்தது, தெரு முழுக்க வாடை. ஜார்ஜ் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு அடுப்பை அணைக்கச் சொன்னார். பீச்சுவது நின்றதும், ஊசி போடுகிற சிரிஞ்சில் எண்ணெய் எடுத்து ஓட்டைகளில் கொஞ்சம் விட்டாள். புது பிளக், ஏற்றின பேட்டரி, ஃபியூஸைத் திரும்பப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து, சாவி.

எழவில்லை. பத்து நிமிஷம் விட்டு மறுபடி. ஒரே ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, முதலிலிருந்து. பன்னிரண்டரை. ஒன்று. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. இரண்டரை மணிக்குப் பேட்டரி படுத்துவிட்டது. கருணாகரனின் ஆட்கள் கப்பியையும் செயினையும் அவர் ஜீப்பிலிருந்து வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

ஃபிர்தௌஸ் நேராகக் கருணாகரனிடம் போனாள். “அண்ணே, உங்க ஜீப்ல கயித்தக் கட்டி இஸ்துகினு போங்க.”

“இஸ்தா இன்னா ஆவப்போவுது? செத்தத இஸ்தா எந்திரிச்சிடுமா?”

“மூணு மணிக்கு இன்னும் அரமணி நேரம் கீது. எந்திரிக்கலன்னா இன்ஜினையும் என்னையும் சேத்து எறக்கிடுங்க.”

இத்தனை பேர் பார்க்கும்போது அவர் எப்படி மறுப்பார்? கயிறு கட்டினார். ஃபிர்தௌஸ் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நான் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். “நீங்க எதுக்கு அக்கா?” என்றாள். “ஓட்டு” என்றேன். ஆண்டவரே, இவளை இந்தத் தெருவில் தலைகுனிய விடாதே என்று வேண்டிக்கொண்டேன். திங்கட்கிழமை அதே தெருவில் அவளைக் குனியவைக்கப் பார்த்தவள் நான்.

ஜீப் இழுத்தது. தெருவைக் கடந்து பெரிய ரோட்டுக்கு வந்து வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டாள். வண்டி குலுங்கியது, அவ்வளவுதான். திரும்ப மிதித்து, விட்டாள். குலுங்கல். மூன்றாவது தடவை அடியிலிருந்து டப் டப் டப் என்று சத்தம், பிறகு ஒரு உறுமல். பின்னால் பார்த்தால் ரோடே தெரியவில்லை. வெள்ளைப் புகை, அப்படி ஒரு புகையை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. “தீ! தீ!” என்று கத்திக்கொண்டு மீன் வண்டிக்காரர் ஒருவர் ஐஸ் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

“ஊத்தாதீங்க! உள்ள போன ஆயிலு எரியுது, அவ்ளோதான்!” என்று ஃபிர்தௌஸ் ஜன்னல் வழியாகக் கத்தினாள். கால் மட்டும் ஆக்சிலேட்டரை விட்டு எழவில்லை. கருணாகரன் ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தார். “இவ்ளோ புகைஞ்சா இன்ஜினு காலிம்மா, அணை” என்றார். “அணைச்சாத்தான் காலிண்ணே” என்றாள். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். புகை மெலிந்தது, நீலமானது, நின்றது. சத்தம் வழுவழுவென்று ஒரே சீராக வந்தது.

அவள் அழுதாள். நானும்தான். எதற்கு மறைக்க வேண்டும்?

ஜார்ஜ் ஓடி வந்து பின்கதவை அந்த ராங்கான பக்கமாகத் திறந்து ஏறினார். கயிற்றை அவிழ்த்துவிட்டு எர்ணாவூர் வரை போனோம். ஒரு பக்கம் முழுக்க கன்டெய்னர் லாரி வரிசை, மறுபக்கம் காலி. அங்கே மிதித்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வண்டியே பீப் என்று கத்தியது. நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். திரும்பி வந்து கருணாகரனின் கேஜையே வாங்கி, குட்டி வால்வைக் கழற்றிவிட்டு, அவர் கண் முன்னாலேயே மாட்டினாள். சச், சச், சச். மூன்றும் ஒரே உயரம். அவர் குனிந்து இரண்டு தடவை பார்த்தார். “இத்த எனக்கும் சொல்லிக்குடு” என்றார். செயினைத் தானே சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டார்.

நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து பையை எடுத்து வந்தேன். அவள் கையை நீட்டவில்லை.

“இன்ஜினு சரின்னு சொன்னேன், அது சரிதான். ஆனா வாங்கினவருக்கு சொல்ல வேண்டியத சொல்லல. பாதி வேலதான் ஒயுங்கா செஞ்சேன். டீக்கடைல நயுவுன அந்த ரெண்டு பேரையும் பாத்து, என் மேல இன்னா தப்புன்னு சொல்லிட்டு வர்றேன். அப்பால தாங்க.”

“வண்டிதான் கெளம்பிடுச்சே. அத்தச் சொன்னா போதாதா?”

“அத்த மட்டும் சொன்னா அது பில்லுல பொய் எய்துற மாரி அக்கா.”

போனாள். நான் டீக்கடைக்குப் போனேன். திங்கட்கிழமை என்ன சத்தத்தில் கத்தினேனோ அதே சத்தத்தில், “ஃபிர்தௌஸ் பாத்துச் சொன்ன வண்டி ஓடுது! கெடுத்தது இந்த ரெஜினா! எல்லாரும் கேட்டுக்குங்க!” என்றேன். டீ மாஸ்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பார்க்கட்டும்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள். ஒருவர் கதவையே திறக்கவில்லையாம். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். முகம் வாடித்தான் இருந்தது. நான் பையை எடுத்து அவள் தோளில் நானே மாட்டினேன்.

“சனிக்கெயம என் தம்பி அலெக்ஸாண்டரு அத்திப்பட்டுல ஒரு வேன் பாக்கப் போறான். நீ வராம வாங்க வுடமாட்டேன்.”

அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த ஒரு சாதாரண டீசல் வேன். ஒரு மணி நேரம் பார்த்தாள். காந்தம், டார்ச், துண்டு. கடைசியில் பானெட்டை மூடினாள். என் தம்பி அந்த வார்த்தைக்காக வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் சொல்லவில்லை.

“மொதல்ல நீங்க சொல்லுங்கண்ணே. காலைல எத்தினி மணிக்கு வண்டி எடுப்பீங்க? எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க? எங்க நிறுத்துவீங்க? வூட்ல வேற யாரு சாவிய எடுப்பாங்க?”

கால்மணி நேரம் கேட்டாள். அவன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, இது சாதா டீசலு. ஒரு அடி நகத்தி அணைச்சா இதுக்கு இன்னா ஆயிடப் போவுது?”

“இதுக்கு ஒண்ணும் ஆவாது அக்கா” என்றாள். “ஆனா இனிமே கேக்காம சொல்ல மாட்டேன்.”

பிறகு அலெக்ஸாண்டரைப் பார்த்து, எலுமிச்சம்பழம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.